ஃபுல்லாக இடது ஒடித்தால் முன் டயர் உரசுகிறது: எம்எக்ஸ்-5, ஒரு பக்கம் மட்டும்

#1 ரோட்ஸ்டர்_ரகு (லெஸ்டர்)

வணக்கம். கார் 2002 மாஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டாம் தலைமுறை, 1.8 லிட்டர். வாங்கி எட்டு மாதம் ஆகிறது. போன மாதம் பழைய வீல்களைக் கழற்றிவிட்டு 15x7 (விட்டம் 15, அகலம் 7 அங்குலம்), ஆஃப்செட் +25 அலாய் போட்டேன் (ஆஃப்செட் எண் குறையக் குறைய வீல் வெளியே தள்ளி நிற்கும்). டயர் பழைய அளவேதான், 195/50 ஆர்15. ஸ்பிரிங், ஷாக் எதிலும் கை வைக்கவில்லை.

பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை இடது பக்கம் கடைசி வரை ஒடித்து மெதுவாக நுழையும்போது இடது முன் சக்கரத்தில் இருந்து "க்ர்ர்ர்ர்" என்று சத்தம். தேங்காய் துருவுகிற மாதிரியே இருக்கிறது. கால் சுற்று விட்டுக் கொடுத்தால் நின்றுவிடும். வலது பக்கம் எவ்வளவு ஒடித்தாலும் சத்தமே இல்லை.

வீல் மாட்டிய அன்றே அலைன்மென்ட்டும் (சக்கரங்களின் கோணம்) பார்த்தார்கள். "எல்லாம் பச்சை" என்று சீட்டு கொடுத்தார்கள், அதாவது எல்லாம் அளவுக்குள். அடுத்த மாதம் எம்ஓடி டெஸ்ட் (இங்கே வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனை) வருகிறது. பழைய வீலுக்கே திரும்பிப் போக வேண்டுமா? காசைவிட, மனசு வரவில்லை.

#2 வேகத்தடை (சென்னை)

பிளஸ் 25. கேஸ் முடிந்தது. அடுத்த பேஷண்ட் உள்ளே வரலாம்.

#3 பெட்டிக்கடை_பிஸ்டன் (கோவை)

ஒடிக்கும்போது மட்டும் சத்தம் என்றால் முதலில் முன் ஆக்சில் சிவி ஜாயின்ட்டை (இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் மூட்டு) பாருங்கள். எங்கள் வீட்டு ஹேட்ச்பேக்கில் இதே கதைதான். இல்லை, டயர்தான் உரசுகிறது என்றால் 5 மி.மீ. ஸ்பேசர் (வீலுக்குப் பின்னால் வைக்கும் தட்டு) போட்டு வெளியே தள்ளிவிடுங்கள், உள்ளே இடம் கிடைக்கும்.

#4 யாழ்_டர்போ (டொராண்டோ)

பிஸ்டன் தம்பி, எம்எக்ஸ்-5 பின்சில்லு (பின் சக்கரம்) ஓடுற கார். முன்னுக்கு ஆக்சிலே இல்லை, பிறகு எங்க இருந்து சிவி ஜாயின்ட் வரும்? சிவி போனால் "டக் டக் டக்" என்று கேட்கும், துருவுற சத்தம் வராது.

ரகு, குளிர் காலமா அங்கே? கோடை டயர் போட்ட கார்கள் 7 டிகிரிக்குக் கீழே போனால் ஃபுல் லாக்கில் (கடைசி வரை ஒடிச்ச நிலையில்) குதிக்கும். ரப்பர் விறைத்து, உருளாமல் வழுக்கி வழுக்கிப் பிடிக்கும். அகல டயர் போட்ட நாலு சில்லு ஓடுற பெரிய கார்களில் இது கூட. ஸ்டியரிங்கிலேயே தட்டுப்படும், ஆனால் டயரில் ஒரு தடமும் இருக்காது. அதையும் உரசலையும் போட்டுக் குழப்பக் கூடாது.

இன்னொன்று, எங்கட ஊர் வியாதி. போன பனிக்கு முன் டயர் உரசுது என்று நான் அரை மணித்தியாலம் காருக்குக் கீழே படுத்துக் கிடந்தன். மட்கார்டுக்குள்ளே செங்கல் அளவில் ஐஸ் கட்டி இறுகிப் போய் இருந்தது.

#5 ரோட்ஸ்டர்_ரகு

இங்கே 14 டிகிரி. ஐஸ் இல்லை. குதிக்கவும் இல்லை, துருவல்தான். காரை ஜாக்கியில் தூக்கி ஃபுல்லாக இடது ஒடித்துக் கையால் சுற்றியும் பார்த்துவிட்டேன். எங்கேயும் படவில்லை, இரண்டு விரல் இடைவெளி தாராளமாக இருக்கிறது. அதனால்தான் குழப்பமே.

#6 அலைன்மென்ட்_அண்ணாச்சி (திருநெல்வேலி)

தம்பி ரகு, ஜாக்கியில் தூக்கிப் பார்த்ததை மறந்துவிடுங்கள். பாடியைத் தூக்கினால் சக்கரம் தொங்கும். ஆர்ம் (சக்கரத்தைப் பாடியோடு கட்டும் இரும்புக் கை) கீழே இறங்கும், கேம்பர் (முன்னால் இருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு) மாறும், புஷ் (ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர்) மேல் பாரமே இருக்காது. சாலையில் காரின் எடை உட்கார்ந்திருக்கும்போது சக்கரம் நிற்கிற இடம் வேறு, அந்தரத்தில் தொங்கும்போது நிற்கிற இடம் வேறு. உரசல் பார்க்கிறதென்றால் நாலு சக்கரமும் தரையில் இருக்க வேண்டும்.

நான் கேட்கிறதை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள், அவசரமில்லை.

டயரில் பளபளப்பு எங்கே இருக்கிறது? ரோட்டில் படுகிற முகம் சொரசொரப்பாக இருக்கும். உரசுகிற இடம் மட்டும் கறுப்பு ஷூ பாலிஷ் போட்ட மாதிரி மின்னும். உள்தோளா, வெளித்தோளா (டயர் முகத்தின் உள் விளிம்பா, வெளி விளிம்பா) என்று பாருங்கள். உள்தோள் என்றால் சேஸிஸ், லோயர் ஆர்ம், ஸ்டெபிலைசர் பார், இந்த மூன்றில் ஒன்று. வெளித்தோள் என்றால் மட்கார்டு லைனர் (உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை) அல்லது பம்பர் முனை.

அடுத்து, முன்னால் போகும்போது கேட்கிறதா, ரிவர்ஸிலா? அந்த நிலையில் பிரேக்கைத் தொட்டால் கூடுகிறதா, குறைகிறதா? இதை யாரும் கேட்க மாட்டார்கள், நான் கேட்கிறேன்.

நேராக இருக்கும்போது ஸ்டியரிங் உச்சியில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். அங்கிருந்து இடது கடைசிக்கு எத்தனை சுற்று, வலது கடைசிக்கு எத்தனை?

ஸ்பேசர் வாங்காதீர்கள். பிஸ்டன் தம்பி கோபிக்கக் கூடாது, வெளித்தோள் உரசல் என்றால் ஸ்பேசர் அதை இன்னும் மோசமாக்கும். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன், கடையில் ஆள் வந்துவிட்டது.

#7 வேகத்தடை

அண்ணாச்சி, இவ்வளவு விசாரணை எதற்கு? புது வீல் போட்டார், உரசுகிறது. பழைய வீல் உரசவில்லை. குற்றவாளி கையும் களவுமாக நிற்கிறான்.

#8 நூல்கணக்கு (சிங்கப்பூர்)

வேகத்தடை சொல்வதில் பாதி சரி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பழைய வீல் 15x6, +40. புதியது 15x7, +25. ஹப்பில் (சக்கரம் மாட்டுகிற குடம்) உட்காருகிற முகத்தில் இருந்து ரிம்மின் வெளி விளிம்பு முன்பு 36 மி.மீ., இப்போது 64. உள் விளிம்பு முன்பு 116, இப்போது 114. அதாவது வெளிப்பக்கம் 28 மி.மீ. தள்ளி வந்திருக்கிறது, உள்பக்கம் 2 மி.மீ. விலகித்தான் போயிருக்கிறது. ஆக, உள்ளே சேஸிஸில் இடிக்கப் புது வீலுக்குக் காரணமே கிடையாது. டயரின் வெளி விட்டமும் மாறவில்லை: 381 மி.மீ. ரிம், இரண்டு பக்கமும் 97.5 சுவர், மொத்தம் 576.

இப்போது ஒடிக்கும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். சக்கரம் தன் நடுவில் திரும்புவதில்லை. மேல் பால் ஜாயின்ட்டையும் (ஆர்மின் நுனியில் இருக்கும் உருண்டை மூட்டு) கீழ் பால் ஜாயின்ட்டையும் இணைக்கிற கோட்டைச் சுற்றித் திரும்புகிறது. செக்கு மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தடி நீள நீள மாடு நடக்கிற வட்டமும் பெரிதாகும். ஆஃப்செட் 15 குறைந்தால் டயரின் நடு அந்தக் கோட்டில் இருந்து 15 மி.மீ. தள்ளிப் போகிறது, அதாவது தடி 15 மி.மீ. நீண்டுவிட்டது.

இடது ஒடித்தால் இடது சக்கரம் திரும்புவதோடு கொஞ்சம் பின்னாலும் போகும். வலது சக்கரம் கொஞ்சம் முன்னால் வரும். 35 டிகிரி திரும்புகிறது என்று வைத்தால் அதன் சைன் 0.57. 15-ஐ அதால் பெருக்கினால் 9 மி.மீ. அகல ரிம்மில் அதே டயர் கொஞ்சம் பிதுங்கி உட்காரும், அதையும் சேர்த்தால் 10, 11. ஆக இடது ஒடித்தால் இடது டயரின் வெளித்தோள் பழையதைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகப் பின் லைனரை நோக்கிப் போகிறது. ஸ்பேசர் இதைக் கூட்டும். அண்ணாச்சி சொல்ல வந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

#9 வேகத்தடை

அப்படியென்றால் நான் சொன்னதுதானே? நன்றி, வணக்கம்.

#10 நூல்கணக்கு

அவசரப்படாதீர்கள். இந்தக் கணக்கு வலது சக்கரத்துக்கும் அப்படியே பொருந்தும். வலது ஒடித்தால் வலது டயர் இதே அளவு பின்னால் போக வேண்டும். நாலு வீலும் ஒரே ஆஃப்செட். வலது பக்கம் ஏன் சத்தமே இல்லை? அதற்கு +25 பதில் சொல்லாது.

#11 ரோட்ஸ்டர்_ரகு

அண்ணாச்சி, இன்று காலை உட்கார்ந்து பார்த்தேன்.

பளபளப்பு வெளித்தோளில். விரல் அகலத்துக்கு டயரைச் சுற்றி முழு வளையமாக மின்னுகிறது. வலது டயரில் அது இல்லை.

உறுதி செய்துகொள்ள ஒரு வேலை செய்தேன். மகளுடைய போஸ்டர் கலரில் நீலத்தை எடுத்து இடது மட்கார்டின் உள்ளே பின்பக்க லைனரில் உள்ளங்கை அகலத்துக்குப் பூசினேன். அது காய்வதற்குள் ஃபுல்லாக ஒடித்து ஒரு கார் நீளம் முன்னால் போனேன். இறங்கிப் பார்த்தால் டயரின் வெளித்தோளில் நீலக் கோடு. லைனரில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு இடம் வழித்து எடுத்த மாதிரி கறுப்பாகத் தெரிந்தது, ஹப்பின் உயரத்துக்குச் சற்றுக் கீழே. அந்த இடத்தில் லைனரின் ஒரு கிளிப்பும் இல்லை, ஓட்டை மட்டும்தான் இருக்கிறது. மகள் கலர் டப்பாவைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

முன்னால் போகும்போதுதான் கேட்கிறது. அதே நிலையில் ரிவர்ஸ் எடுத்தால் கிட்டத்தட்ட இல்லை. முன்னால் போய் பிரேக்கைத் தொட்டால் "க்ர்ர்" பெரிதாகிறது. இதை நான் கவனித்ததே இல்லை. நீங்கள் கேட்டதால் நாலு தடவை செய்து பார்த்தேன்.

ஸ்டியரிங் இரண்டு பக்கமும் ஒன்றேகால் சுற்றும் இன்னும் கொஞ்சமும். வித்தியாசம் இருந்தால் இரண்டு விரல் இருக்கும்.

#12 பெட்டிக்கடை_பிஸ்டன்

கிளிப் இல்லை என்றால் அதுதான்! லைனர் தொங்கிப் போய் டயரில் படுகிறது. 50 பென்ஸ் வேலை.

#13 யாழ்_டர்போ

லைனர் கிளிப் சந்தேகம் நியாயம்தான், முன் டயர் உரசலில் பாதி அதால்தான் வரும். ஆனால் லைனர் தொங்கினால் பிரேக் பிடிக்கும்போது ஏன் சத்தம் கூடும்? லைனருக்கு பிரேக் பிடிக்கிறது தெரியாதே.

#14 அலைன்மென்ட்_அண்ணாச்சி

யாழ் தம்பி சரியான இடத்தைத் தொட்டுவிட்டார்.

கார் முன்னால் போகும்போது பிரேக் பிடித்தால் ரோடு டயரைப் பின்னால் தள்ளும். சக்கரத்தைப் பாடியோடு கட்டி வைத்திருப்பது ஆர்ம்கள். ஆர்ம்களைப் பிடித்து வைத்திருப்பது புஷ். புஷ் நன்றாக இருந்தால் சக்கரம் ஓரிரு மி.மீ. அசையும், அவ்வளவுதான். போய்விட்டால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் சக்கரம் மட்கார்டின் பின் சுவரைப் பார்த்து நகரும். ரிவர்ஸில் எதிர்ப்பக்கம் நகரும், அதனால் சத்தம் நிற்கிறது. ரகு சொன்ன இரண்டும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன: இடது சக்கரம் பின்னால் போய் நிற்கிறது.

ஸ்டியரிங் சுற்று இரண்டு பக்கமும் சமம் என்பதால் ரேக் (ஸ்டியரிங் சுற்றினால் இடவலமாக நகரும் பல்சட்டம்) நடுவில்தான் இருக்கிறது. இதை ஏன் கேட்டேன் என்றால், சில கடைகளில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சரி செய்ய ஒரே பக்க டை ராடை (ரேக்கில் இருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) மட்டும் திருகுவார்கள். ஸ்டியரிங் கோணலாகிவிடும். உடனே ஸ்டியரிங் வீலைக் கழற்றி நேராக மாட்டிவிடுவார்கள். பார்க்க எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் ரேக் ஒரு பக்கம் தள்ளிப் போயிருக்கும், ஒரு பக்கம் கூடுதலாக ஒடியும், அந்தப் பக்க டயர் உரசும். இரண்டு டை ராடிலும் வெளியே தெரிகிற மரையை எண்ணினால் குட்டு வெளிப்பட்டுவிடும். உங்களுக்கு அது இல்லை. சந்தோஷம்.

இனி இரண்டு வேலை. ஒன்று, ஸ்டியரிங்கை நேராக வைத்து முன் ஹப் நடுவில் இருந்து பின் ஹப் நடு வரை இரண்டு பக்கமும் அளந்து சொல்லுங்கள். இந்தக் காரின் வீல்பேஸ் 2265 மி.மீ. இரண்டு, அலைன்மென்ட் சீட்டில் காஸ்டர் என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்துச் சொல்லுங்கள். "எல்லாம் பச்சை" என்று யாரோ சொன்னதை வேண்டாம், எண்ணைச் சொல்லுங்கள்.

ஓட்டும்போது ஒரு பக்கம் இழுக்கிறதா என்பதும் வேண்டும்.

#15 மைலேஜ்_மாமி (பெங்களூரு)

இடையில் ஒரு கேள்வி. காஸ்டர் என்றால் அந்தத் தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரியா? டோ, கேம்பர் தெரியும், இது மட்டும் எப்போதும் சீட்டில் பார்த்துவிட்டு விட்டுவிடுவேன்.

#16 நூல்கணக்கு

அதேதான் மாமி, மூலக்கருத்து ஒன்றுதான். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் மேல் பால் ஜாயின்ட் கொஞ்சம் பின்னாலும் கீழ் பால் ஜாயின்ட் கொஞ்சம் முன்னாலும் இருக்கும். சைக்கிளின் முன் போர்க் சாய்ந்திருப்பது மாதிரி. அந்தச் சாய்வுதான் காஸ்டர். ஒடித்துவிட்ட ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்புவதற்கு அதுதான் பெரிய காரணம். கீழ் பால் ஜாயின்ட் பின்னால் போனால் சாய்வு குறையும், கூடவே சக்கரமும் பின்னால் போகும். அதனால்தான் அண்ணாச்சி அந்த எண்ணைக் கேட்கிறார்.

#17 ரோட்ஸ்டர்_ரகு

நூலில் ஒரு நட்டைக் கட்டி ஹப் நடுவில் இருந்து தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸ் புள்ளி வைத்து அளந்தேன். வலது 2266. இடது 2261. நம்பிக்கை வராமல் மூன்று தடவை அளந்தேன். இடது ஒரு தடவை 2260 வந்தது, 2262-க்கு மேல் ஏறவே இல்லை.

சீட்டை டிராயரில் இருந்து தேடி எடுத்தேன். டோ, இரண்டு பக்கமும் பச்சை. கேம்பர் பச்சை. காஸ்டர்: வலது 5.4, இடது 4.2, இடது எண் சிவப்பில். ஒரு மாதமாக இது என் வீட்டிலேயே இருந்திருக்கிறது!

இழுப்பு: ஆமாம், இடது பக்கம் லேசாக இழுக்கும். ஆனால் இங்கே நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம், தண்ணீர் வடிய ரோடே இடது பக்கம் சரிந்திருக்கும். ரோட்டுச் சரிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

#18 அலைன்மென்ட்_அண்ணாச்சி

காஸ்டர் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம்தான் கார் இழுக்கும். உங்கள் ரோடு அதை மறைத்துவிட்டது. நம்மூரிலும் இடது பக்கம்தானே ஓட்டுகிறோம், இதைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் "ரோடு அப்படித்தான் சார்" என்று திருப்பி அனுப்புகிற கடைகளும் உண்டு.

உங்கள் அலைன்மென்ட் கடைக்காரர் டோவை மட்டும் சரி செய்திருக்கிறார். கேம்பர் தற்செயலாகப் பச்சையில் விழுந்திருக்கிறது. ஏன் காஸ்டரைத் தொடவில்லை என்று நான் ஊகிக்கிறேன்: அந்தக் காரில் முன் லோயர் ஆர்மை சப்ஃபிரேமோடு (அடிச்சட்டம்) பிணைக்கிற இரண்டு போல்ட்டும் கேம் போல்ட். தலையில் ஒரு பக்கம் கனத்த வட்டத் தட்டு, அதில் கோடு கோடாக அளவு. திருப்பினால் ஆர்மின் அந்தக் கால் உள்ளேயோ வெளியேயோ நகரும். இரண்டையும் சேர்த்து நகர்த்தினால் கேம்பர், எதிரெதிராக நகர்த்தினால் காஸ்டர். இருபது வருட உப்பு ரோட்டில் அந்த போல்ட் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு சேர்ந்து துருப்பிடித்து ஒன்றாகிவிடும். ஸ்பேனரைப் போட்டால் போல்ட் திரும்பாது; ரப்பரையும் சேர்த்து முறுக்கிக்கொண்டு வந்து, விட்டதும் பழைய இடத்துக்கே போய்விடும். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு டோவை மட்டும் போட்டு அனுப்பிவிடுவார்கள். சொல்லியாவது அனுப்பியிருக்கலாம்.

கீழே படுத்து இடது லோயர் ஆர்மின் பின் புஷ்ஷைப் பாருங்கள். கடப்பாரை மாதிரி ஒரு நெம்புகோலைச் செருகி மெதுவாக நெம்புங்கள். ரப்பர் இரும்பில் இருந்து பிய்ந்திருந்தால் பிறைநிலா மாதிரி இடைவெளி திறக்கும். இதற்கு மட்டும் ஜாக்கியில் தூக்கலாம், ஸ்டாண்ட் போடாமல் கீழே போகாதீர்கள்.

#19 வேகத்தடை

பாப்கார்ன் எடுத்துக்கொண்டு வருகிறேன். தோற்றால் ஒத்துக்கொள்வேன்.

#20 ரோட்ஸ்டர்_ரகு

பிறைநிலா திறந்தது அண்ணாச்சி. என் சுண்டுவிரல் நகம் உள்ளே போகிறது. வலது பக்கம் நெம்பினால் ரப்பர் மட்டும் லேசாக நெளிகிறது, பிளவு இல்லை.

போல்ட்டையும் தொட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் துரு எண்ணெய் அடித்து, மூன்று அடி குழாயை ஸ்பேனரில் செருகித் தொங்கினேன். நீங்கள் சொன்னபடியே முறுக்கிக்கொண்டு வந்து திரும்பிப் போனது. எனக்கு இது முடியாது. நாளை பக்கத்தில் ஒரு சின்ன கராஜில் விடுகிறேன். கிழவர் ஒருவர், பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் மட்டும்தான் தொடுவார்.

#21 யாழ்_டர்போ

கிழவரிட்டக் கொடுக்கிறது நல்லது. என்ர முதல் தலைமுறை காருக்கும் ஒரு கேம் போல்ட் இப்படித்தான் மாட்டிப் போனது. வெட்டித்தான் எடுத்தம், ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் இடையில் அறுவைவாளை விட்டு இரண்டு பக்கமும் அறுத்து. சூடு காட்டினால் புஷ் ரப்பர் பத்தி எரிந்து நாறும், கராஜ் முழுக்க ஒரு கிழமைக்கு மணக்கும்.

இது உலகத்திலேயே அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ரகு. 2016-ல் பத்து லட்சம் தாண்டிவிட்டது. உங்களுக்கு வந்த வருத்தம் முதலே யாருக்காவது வந்திருக்கும், பயப்படாதேங்கோ.

#22 நூல்கணக்கு

எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தேன். காஸ்டர் 1.2 டிகிரி குறைவு. மேல், கீழ் பால் ஜாயின்ட்டுகளுக்கு நடுவே கால் மீட்டருக்குச் சற்று மேலே என்று வைத்தால், கீழ் ஜாயின்ட் பின்னால் போனது ஐந்தரை மி.மீ. அளவில். ஹப் இரண்டுக்கும் நடுவே இருப்பதால் அதைவிடக் குறைவாகத்தான் நகரும், மூன்று நான்கு. ரகு அளந்தது 5. நூலிலும் சாக்பீஸிலும் அளந்ததற்கு இது போதும். அதன் மேல் பிரேக்கில் நகர்கிற தூரம் வேறு. வீல் கொண்டுவந்த 10 மி.மீ.யோடு இதுவும் சேர்ந்ததால்தான் லைனர் எட்டிவிட்டது. தனித்தனியாக வந்திருந்தால் இரண்டுமே சத்தமில்லாமல் போயிருக்கும்.

#23 அலைன்மென்ட்_அண்ணாச்சி

கராஜில் ஒன்று சொல்லிவிடுங்கள், கிழவருக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்லுங்கள். ரப்பர் புஷ் போல்ட்டை சக்கரம் தொங்கும்போது கடைசியாக இறுக்கக் கூடாது. கார் தரையில் நின்று, எடை உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் கீழே இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரமே பிய்ந்துவிடும். உங்கள் இடது புஷ் மட்டும் ஏன் போனது என்று யோசித்தால், முன்பு எப்போதோ அந்தப் பக்கம் கழற்றி மாட்டியபோது இப்படி நடந்திருக்கலாம். பள்ளத்தில் விழுந்தும் போயிருக்கலாம்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள், இரண்டு பக்கமும் மாற்றுங்கள்.

#24 ரோட்ஸ்டர்_ரகு

பதினோரு நாள் ஆயிற்று, மன்னிக்கவும். போல்ட் வரத் தாமதம்.

கிழவர் காரை லிஃப்டில் ஏற்றி, இடது ஆர்மைக் கையால் ஒரு தட்டுத் தட்டினார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. டீ குடித்துவிட்டு அறுவைவாளை எடுத்தார். இடது பக்கம் இரண்டு போல்ட்டும் அறுத்துத்தான் வந்தன. வலது பக்கம் முன் போல்ட் மட்டும் தானாக வந்தது. வெளியே வந்த பின் புஷ்ஷைக் கையில் கொடுத்தார். ரப்பர் இரும்பை விட்டு முக்கால் வட்டத்துக்குப் பிரிந்திருந்தது. உள்ளே செங்கல் பொடி மாதிரி துரு.

இரண்டு பக்கமும் புஷ், நான்கு கேம் போல்ட், கூலி, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 410 பவுண்ட். புது போல்ட்டுக்கு கிரீஸ் தடவித்தான் மாட்டினார், காரை இறக்கி வைத்துவிட்டுத்தான் இறுக்கினார். நான் சொல்ல வாய் திறந்தபோது கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

புது சீட்டு: காஸ்டர் வலது 5.4, இடது 5.3. வீட்டில் நூல் விட்டுப் பார்த்தேன், 2266-ம் 2265-ம். இழுப்பு போய்விட்டது. அது போன பிறகுதான் முன்பு எவ்வளவு இழுத்துக்கொண்டிருந்தது என்றே தெரிகிறது.

ஃபுல்லாக இடது ஒடித்து பிரேக் பிடித்தேன். சத்தம் இல்லை. லைனரில் களிமண் உருண்டை ஒட்டிப் பார்த்தேன் (இதுவும் மகளுடையதுதான்), உருண்டை நசுங்கி 6 மி.மீ. மிஞ்சியது. ஆனால் நடைபாதை ஓரத்தில் ஏறி இறங்கும்போது ஃபுல் லாக் இருந்தால் ஒரே ஒரு தடவை "க்ர்". அது கிளிப் இல்லாத இடம்தான் என்று நினைக்கிறேன்.

#25 பெட்டிக்கடை_பிஸ்டன்

கிளிப்பும் காரணம்தான் என்று பதிவு செய்துகொள்ளுங்கள். எனக்குக் கால் மார்க்காவது போட வேண்டும்.

#26 அலைன்மென்ட்_அண்ணாச்சி

அரை மார்க் போடுகிறேன். கிளிப் போட்டுவிட்டு, லைனரை ஹீட் கன்னில் லேசாகச் சூடாக்கி உள்ளங்கையால் பின்னால் அழுத்துங்கள். பிளாஸ்டிக் இளகிப் போய் உட்காரும். ஆறு மில்லியோடு இன்னும் நாலு கிடைக்கும். வெட்ட வேண்டாம், வெட்டினால் ரோட்டு உப்பெல்லாம் உள்ளே போகும். பின்னால் இருக்கிற தகட்டை யாராவது சுத்தியால் தட்டச் சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். வீல் மாற்றியதை இன்சூரன்ஸில் சொல்லிவிட்டீர்களா?

#27 வேகத்தடை

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழைய வீலிலேயே இருந்திருந்தால் இந்த 410 பவுண்ட் செலவே வந்திருக்காது என்பதையும் பதிவு செய்கிறேன்.

#28 நூல்கணக்கு

வந்திருக்காது, உண்மை. பிய்ந்த புஷ்ஷோடு மோட்டார்வேயில் 70 மைல் வேகத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருந்திருப்பார். பழைய வீலில் சத்தம் வராது, அவ்வளவுதான்.

#29 மைலேஜ்_மாமி

நான் என் சீட்டைத் தேடி எடுத்துவிட்டேன். காஸ்டர் இரண்டு பக்கமும் 0.1 வித்தியாசம். நிம்மதியாகத் தூங்கலாம் அல்லவா? எனக்கும் ஒரு பக்கம் "க்ர்" வருகிறது, ஆனால் அது பின்சக்கரம், அதுவும் நாலு பேர் ஏறினால்தான்.

#30 அலைன்மென்ட்_அண்ணாச்சி

அது ஒடிக்கிற பிரச்சினை இல்லை மாமி, பாரம் ஏறினால் ஸ்பிரிங் உட்கார்ந்து மட்கார்டு விளிம்பு டயரைத் தொடுகிறது. ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டதா என்று ஹப்பில் இருந்து விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து, தனியாக ஓர் இழை போடுங்கள். டயர் அளவையும் எழுதுங்கள்.

#31 ரோட்ஸ்டர்_ரகு

கடைசித் தகவல். இன்சூரன்ஸில் சொல்லியாயிற்று. கிளிப் போட்டேன், ஹீட் கன்னும் காட்டினேன், நடைபாதை "க்ர்" போய்விட்டது. இன்று காலை எம்ஓடி பாஸ். சோதித்தவர் ஃபுல்லாக ஒடித்து டார்ச் அடித்துப் பார்த்தார், டயர் எதிலாவது உரசினால் இங்கே நேராக ஃபெயில். ஒன்றும் எழுதவில்லை. ஆனால் பின் சக்கரத்துக்கு முன்னால் சில் (கதவுக்குக் கீழே ஓடுகிற பாடித் தகடு) துருப்பிடித்திருக்கிறது என்று கவனிக்க வேண்டியதில் குறித்துக் கொடுத்துவிட்டார்.

#32 யாழ்_டர்போ

சில்லு முடிஞ்சு இப்ப சில் தொடங்கிட்டுது. அதற்கு வேற இழை திறங்கோ அண்ணை, அது நீளமாப் போகும்.